மதுரையில் புதிய வணிகக் கட்டடம்: கார்பனைக் குறைக்கும் வேலையை எந்த வரிசையில் செய்வது?

"மாடியில் எத்தனை கிலோவாட் சோலார் போடலாம்?" கார்பன் குறைந்த கட்டடம் வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். என் வரிசையில் அது எட்டாவது படி. முதல் மூன்று படிகள் முடியும்போது ஒரு செங்கல்கூட வந்து இறங்கியிருக்காது. ஆனால் அந்தக் கட்டடம் எவ்வளவு கார்பனை வெளியிடப் போகிறது என்பதில் பெரும்பகுதி அதற்குள் முடிவாகிவிடும். பூமி பூஜைக்குப் பிறகு என்னிடம் வந்தவர்களுக்கு விளக்கையும் ஏ.சி.யையும் தவிர வேறெதையும் பெரிதாக மாற்றித் தர முடிந்ததில்லை.

இரண்டு சொற்களை மட்டும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். சிமென்ட், கம்பி, கல், கண்ணாடி ஆகியவற்றைத் தயாரித்து, ஏற்றி வந்து, கட்டி முடிப்பதில் வெளியாவது கட்டுமானக் கார்பன். கட்டடம் திறந்த பிறகு மின்சாரம், டீசல், ஏ.சி. வாயுக் கசிவு ஆகியவற்றால் வெளியாவது பயன்பாட்டுக் கார்பன்.

1. வரைபடத்துக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

மண் பரிசோதனை அறிக்கை முதலில் வேண்டும். திருமங்கலம் பக்கம் கரிசல்; ஈரத்தில் உப்பி விரியும், காய்ந்தால் வெடிக்கும். மேலூர்ச் சாலையில் செம்மண்ணுக்கு அடியிலேயே பாறை தட்டும் இடங்கள் உண்டு. அறிக்கை இல்லையென்றால் கட்டமைப்புப் பொறியாளர் பாதுகாப்புக்காக மண்ணின் தாங்குதிறனைக் குறைத்தே எடுப்பார், எடுக்கவும் வேண்டும். அஸ்திவாரம் பெருக்கும். பரிசோதனைச் செலவை மிச்சம் பிடித்தவர் அதைப்போலப் பல மடங்கைக் கான்கிரீட்டாக மண்ணில் புதைக்கிறார்.

அடுத்தது, கட்டடத்தை யார், எந்த நேரத்தில் பயன்படுத்துவார்கள் என்ற ஒரு பக்கக் குறிப்பு. பகலில் மட்டும் இயங்கும் அலுவலகம், இரவு 10 வரை விளக்கெரியும் ஜவுளிக்கடை, முகூர்த்த நாளில் மட்டும் நிரம்பும் மண்டபம் ஆகியவற்றுக்கு ஒரே தீர்வு பொருந்தாது.

மூன்றாவது, மின் இணைப்பின் அளவு. இணைப்புச் சுமை 100 கிலோவாட் அல்லது ஒப்பந்தத் தேவை (மின்வாரியத்துடன் ஒப்புக்கொள்ளும் உச்ச அளவு) 120 கே.வி.ஏ. என்ற எல்லையை எட்டும் வணிகக் கட்டடங்களுக்காகவே எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு எழுதப்பட்டது. எல்லைக்குள் வருகிறீர்களா என்பதை அனுமதிக்கு மனுப் போடும்போது தெரிந்துகொண்டால் வரைபடத்தைத் திருப்பி வரைய வேண்டியிராது.

2. முதல் கணக்கு: ஒரு தாள் போதும்

புதியவர்கள் மென்பொருளைத் திறந்துகொண்டு நூறு பொருள்களின் பட்டியலில் சிக்கிக்கொள்கிறார்கள். முதல் நாளில் சிமென்ட், கம்பி, மின்சாரம் என்ற மூன்றே வரிகள் போதும்.

நான்கு தளங்கள், மொத்தம் 20,000 சதுர அடி உள்ள ஓர் அலுவலகக் கட்டடத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கான்கிரீட் 800 கன மீட்டர் என்றும், கன மீட்டருக்கு 330 கிலோ சிமென்ட் என்றும் வைத்தால், 264 டன் சிமென்ட். சாதாரண ஓ.பி.சி. சிமென்ட் (சாம்பலோ கசடோ கலக்காத போர்ட்லேண்ட் சிமென்ட்) என்றால் டன்னுக்குச் சுமார் 0.9 டன் கார்பன் டை ஆக்சைடு. ஆக ஏறக்குறைய 238 டன். கம்பி 90 டன், தாதுவிலிருந்து எடுத்த எஃகு என்றால் டன்னுக்கு இரண்டரை டன் என்று வைப்போம், 225 டன். மின்சாரம் ஆண்டுக்கு 2.4 லட்சம் யூனிட். இந்திய மின்கட்டமைப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ, ஆண்டுக்கு 168 டன்.

கட்டடத்தின் எலும்புக்கூட்டுக்குச் செலவான கார்பனை மின்சாரத்தின் கார்பன் மூன்றாம் ஆண்டிலேயே தொட்டுவிடுகிறது. அப்படியானால் சிமென்டைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். மின்சாரத்தின் கணக்கு காற்றாலையும் சோலாரும் கூடக்கூட ஆண்டுதோறும் இறங்கக்கூடியது. நமக்குப் பக்கத்தில் கமுதியிலேயே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஓடுகிறது. ஊற்றிய கான்கிரீட்டின் கணக்கு ஊற்றிய அன்றோடு முடிந்தது. அதை யாரும் பிறகு திருத்த முடியாது.

விரிவான கணக்கு பிறகு வேண்டியிருந்தால், உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐ.எஃப்.சி. 2017இல் வெளியிட்ட இந்தியக் கட்டுமானப் பொருள்களின் தரவுத்தொகுப்பு இருக்கிறது. அதே அமைப்பின் எட்ஜ் என்ற இணையக் கருவியும் உதவும். ஐரோப்பிய எண்களை எடுத்து நம் செங்கலுக்குப் போடாதீர்கள். நம் சூளையும் அவர்கள் சூளையும் ஒன்றல்ல.

3. எவ்வளவு கட்டுவது, தூண்கள் எங்கே நிற்பது

கட்டாத சதுர அடிக்குக் கார்பன் இல்லை. "எதற்கும் இருக்கட்டும்" என்று சேர்க்கும் தளத்தையும், ஆண்டில் நான்கு முறை பயன்படும் அரங்கத்தையும் இந்தப் படியில் வெட்டுங்கள். மனையில் பழைய கட்டடம் இருந்தால், இடிப்பதற்கு முன் அதன் அஸ்திவாரத்தையும் தூண்களையும் ஒரு பொறியாளரிடம் காட்டுங்கள். முழுதும் நிற்காவிட்டாலும் தேக்கு நிலைகளும் கருங்கல் படிகளும் அடுத்த நூறாண்டுக்கு வரும்.

நிலவறை வாகன நிறுத்தம் கட்டாயம்தானா என்று கேளுங்கள். மண்ணைத் தோண்டி, நான்கு பக்கமும் தாங்குசுவர் எழுப்பி, நீர் புகாமல் காக்க வேண்டும். பிறகு விளக்கும் காற்றோட்ட விசிறியும் நாள் முழுக்க ஓட வேண்டும். இரண்டு கணக்கிலும் கார்பன் ஏறும் இடம் இது. இடமிருந்தால் தரைத்தளத்தைத் தூண்களின் மேல் தூக்கி, அடியில் வண்டிகளை நிறுத்துங்கள்.

தூண் இடைவெளியில்தான் வாக்குவாதம் வரும். ஒருமுறை ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், "நடுவில் தூணே இருக்கக் கூடாது, சேலை மடிப்புத் தெரிய வேண்டும்" என்றார். 9 மீட்டர் இடைவெளியில் வரைந்து காட்டினோம். பீமின் ஆழமும் கம்பியின் எடையும் எகிறின. பிறகு 6 மீட்டரில் வரைந்து, தூண்களைத் துணி அடுக்குகளுக்குள் மறைத்துக் காட்டினோம். இரண்டு வரைபடத்தையும் அளவுப் பட்டியலையும் அருகருகே வைத்ததும் அவரே 6 மீட்டரைத் தேர்ந்தெடுத்தார். கார்பன் என்ற சொல்லை நான் அன்று எடுக்கவே இல்லை, கம்பியின் விலையே போதுமானதாக இருந்தது.

மேல்தளத்துத் தூண் கீழ்த்தளத்துத் தூணின் நேர்மேலே வர வேண்டும். வாகனம் திரும்ப இடம் வேண்டும் என்று கீழே ஒரு தூணை எடுத்துவிட்டால், அதற்கு மேலுள்ள சுமை முழுவதையும் ஒரு பெரிய பீம் பக்கத்துத் தூண்களுக்குக் கடத்த வேண்டியிருக்கும். அந்த ஒரு பீமுக்குப் போகும் கம்பியைப் பார்த்தால் வண்டியை வெளியே நிறுத்தத் தோன்றும்.

சுவர் எதனால் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஏ.ஏ.சி. பிளாக்கின் (காற்றுக்குமிழிகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்) எடை சூளைச் செங்கல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில்தான். சுவர் இலேசானால் பீம், தூண், அஸ்திவாரம் எல்லாம் மெலியலாம். அதைக் கட்டமைப்புக் கணக்குப் போடுவதற்கு முன் சொன்னால்தான் நடக்கும். 9 அங்குலச் செங்கல் சுவருக்குக் கணக்குப் போட்டுக் கட்டிய சட்டகத்தில் கடைசி நேரத்தில் பிளாக்கை வைத்து, "பசுமைக் கட்டடம்" என்று பலகை மாட்டிய இடங்கள் எனக்குத் தெரியும். கனமான சட்டகம் ஏற்கெனவே ஊற்றியாகிவிட்டது.

4. சிமென்ட்: வகை, அளவு, பொறுமை

சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரிக்குச் சுட்டு, சிமென்டாக அரைபடும் கிளிங்கர் என்ற கட்டியை எடுக்கிறார்கள். வெளியாகும் கார்பனில் ஏறக்குறைய அறுபது சதவீதம் கல்லுக்குள்ளிருந்தே வருகிறது, மீதி எரிபொருளிலிருந்து. ஆலை எவ்வளவு திறமையாக எரித்தாலும் கல்லின் பங்கு குறையாது. ஆகவே கிளிங்கரைக் குறைப்பதுதான் வழி.

பி.பி.சி. என்ற கலப்புச் சிமென்டில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல் இருக்கலாம். ஸ்லாக் சிமென்டில் இரும்பாலைக் கசடு 25 முதல் 70 சதவீதம் வரை போகலாம். மேற்சொன்ன கட்டடத்தில் ஓ.பி.சி.யில் 30 சதவீதத்தைச் சாம்பலால் மாற்றினால் சுமார் 70 டன் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. இந்த ஒரு மாற்றத்துக்குச் சிமென்டின் விலையில் கூடுதல் பணம் தேவைப்படுவதில்லை. இதைச் செய்யாமல் மாடியில் சோலார் தகடு மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

ஒரே தவற்றைப் பலர் செய்கிறார்கள். பி.பி.சி.யில் ஏற்கெனவே சாம்பல் இருக்கிறது. அதை வாங்கி, மேலும் 30 சதவீதம் சாம்பலைக் கலக்கச் சொல்லக் கூடாது. சைட்டில் கலந்தால் பி.பி.சி.; ரெடிமிக்ஸ் என்றால் ஓ.பி.சி.யும் தனிச் சாம்பலும். இரண்டில் ஒன்று.

ரெடிமிக்ஸ் வண்டி வந்ததும் ஓட்டுநர் ஒரு சீட்டு நீட்டுவார். பெரும்பாலும் கையெழுத்துப் போட்டு மடித்துவிடுகிறார்கள். அதைப் படியுங்கள். சிமென்ட் எத்தனை கிலோ, சாம்பல் எத்தனை, தண்ணீர் எத்தனை, ஆலையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பியது என்பவை அச்சாகியிருக்கும். டெண்டரில் சொன்ன கலவைதானா என்பதை அறிய அதுவே சாட்சி. பிறகு டிரம்மைப் பாருங்கள்: கலவை கெட்டியாக இருக்கிறது என்று யாராவது குழாயைத் திறந்து தண்ணீர் விட்டால் உறுதி குறையும். அடுத்த வண்டிக்கு "சிமென்டைக் கூட்டிப் போடு" என்று சொல்லி அதை ஈடுகட்டுவார்கள். அப்படித்தான் ஒரு 50 கிலோ மூட்டைக்கு 40 கிலோவுக்கு மேல் கார்பன் சத்தமில்லாமல் ஏறுகிறது. இளக்கம் வேண்டுமானால் அதற்கான கலவைச் சேர்மானத்தை ஆலையிலேயே போடச் சொல்லுங்கள்.

சாம்பல் கலந்த கான்கிரீட் முதல் வாரத்தில் மெதுவாகத்தான் உறுதி பெறும். மார்கழிக் குளிரில் தளம் போட்ட நான்காம் நாள் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, "சார், தளம் இன்னும் பச்சையாகவே இருக்கிறது, இந்தச் சிமென்ட் சரியில்லை" என்றார். சிமென்டில் கோளாறில்லை, அவருடைய நாட்காட்டி ஓ.பி.சி.க்கானது. 4.5 மீட்டருக்கு உட்பட்ட தளத்துக்கு 7 நாள், 6 மீட்டர் வரையிலான பீமுக்கு 14 நாள் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 சொல்லும் முட்டுக்கழற்றும் கெடு சாதாரணச் சிமென்டை வைத்து எழுதப்பட்டது. கலப்புச் சிமென்டுக்குக் கூடுதல் நாள்களையும் கூடுதல் சென்ட்ரிங் பலகைகளையும் ஆரம்பத்திலேயே ஒதுக்குங்கள். ஒதுக்காவிட்டால் இரண்டாம் தளத்திலேயே ஒப்பந்ததாரர் பழைய சிமென்டுக்குத் திரும்பிவிடுவார்.

நீராற்றலும் (கியூரிங், அதாவது ஊற்றிய கான்கிரீட்டைத் தொடர்ந்து ஈரமாக வைத்திருப்பது) அப்படியே. ஓ.பி.சி.க்கு 7 நாள் போதும் என்றால் கலப்புச் சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள். நம் வெயிலுக்கு 14 நாள் வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், தூணுக்கு ஈரச் சாக்கைச் சுற்றுங்கள். காலையும் மாலையும் குழாயால் பீய்ச்சுவது நீராற்றல் ஆகாது. மதிய வெயிலில் தூண் சுண்ணாம்புபோல் வெளுத்துவிடும். சித்திரையில் லாரித் தண்ணீருக்கு அலைய வேண்டியிருந்தால் அதற்கும் முன்பே ஏற்பாடு செய்யுங்கள்.

அஸ்திவாரத்துக்கு இன்னொரு சலுகை உண்டு. அதன்மேல் முழுச் சுமை ஏறப் பல மாதங்கள் ஆகும். 28 நாள் உறுதிக்குப் பதிலாக 56 நாள் உறுதியை வைத்துக் கலவை வடிவமைக்கக் கட்டமைப்புப் பொறியாளர் ஒப்புக்கொண்டால், சிமென்ட் மேலும் குறையும்.

5. கம்பி

பழைய இரும்பை உருக்கி எடுத்த கம்பிக்குக் கார்பன் குறைவு. ஆனால் சிறு உருக்காலைக் கம்பி எல்லாம் பழைய இரும்பிலிருந்து வருவதல்ல. தாதுவிலிருந்து நிலக்கரியால் எடுத்த ஸ்பாஞ்ச் இரும்பும் அதே உலைக்குள் போகிறது. எதிலிருந்து செய்தது என்று எழுத்தில் கேளுங்கள், கம்பிக்கான தரவிதி ஐ.எஸ். 1786இன்படி சோதனைச் சான்றும் சேர்ந்தே வர வேண்டும்.

கம்பி பொதுவாக 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. வளைப்புப் பட்டியலை முன்கூட்டியே போட்டு, துண்டுகள் எங்கே போகும் என்று எழுதினால் கழிவு வெகுவாகக் குறையும். சைட் மூலையில் முழ நீளத் துண்டுகள் குவிந்திருந்தால் பட்டியல் போடவில்லை என்று பொருள்.

தூரத்தைப் பற்றியும் ஒரு சொல். "உள்ளூர்ப் பொருள்" என்ற பேச்சில் புதியவர்கள் மயங்குகிறார்கள். லாரியில் ஒரு டன்னை 100 கிலோமீட்டர் கொண்டுவர ஏறக்குறைய 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு ஆகும். 900 கிலோ வெளியிடும் சிமென்டுக்கு அது பெரிதல்ல, ஆர்.ஆர். நகர் ஆலையிலிருந்து வந்தாலும் தாழையூத்து ஆலையிலிருந்து வந்தாலும் வகைதான் முக்கியம். ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் கதை வேறு. அவற்றை உடைப்பதைவிட ஏற்றி வருவதுதான் அதிகம். பக்கத்துக் கிரஷரில் எடுங்கள்.

6. வெயில்: சுவர், ஜன்னல், மொட்டை மாடி

மதுரை ஏறக்குறைய 9.9 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில், சித்திரை பிறந்த கையோடு, சூரியன் உச்சிக்கு நேராக வருகிறது. அதன்பின் ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. வடக்கு ஜன்னலுக்கு வெயிலே வராது என்று வடநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறவர்கள் இதை மறக்கிறார்கள்.

நல்ல செய்தி, அந்த வடக்கு வெயில் செங்குத்தானது. ஜூனில் ஒன்றரை அடி சன்ஷேட் நண்பகலில் 6 அடி வரை நிழல் தரும். தெற்கில் டிசம்பர் சூரியன் சாய்ந்து வரும். 2 அடி சன்ஷேட்டுக்கு 3 அடி நிழல். மேற்கில் மாலை 4 மணி வெயிலுக்கு அதே 2 அடி ஓரடிக்குச் சற்று மேல்தான் மறைக்கும். மேற்குக்கு நீட்டிய பலகை பயன்படாது. செங்குத்துத் தடுப்போ, சல்லடைச் சுவரோ, மரமோதான் வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே அளவு சன்ஷேட் வரைந்திருந்தால் அந்த வரைபடத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

மனை எந்தத் திசை பார்க்கிறதோ அதை நாம் மாற்ற முடியாது. மாசி வீதிகளில் கடை வீதியைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். ஆனால் படிக்கட்டு, லிஃப்ட், கழிப்பறை, சரக்கறை ஆகியவற்றை மேற்கே தள்ளலாம். ஆள் உட்காராத அந்த அறைகள் வெயிலை வாங்கிக்கொள்ளும்.

மேற்கு முகப்பை முழுக் கண்ணாடியால் மூடுவதுதான் புறவழிச் சாலையில் இன்று நடக்கும் பெரும் பிழை. வெயில் கொளுத்துவதால் உள்ளே திரை; திரை போட்டதால் பகலிலும் விளக்கு; விளக்கின் சூட்டுக்கும் சேர்த்து ஏ.சி. கண்ணாடி வேண்டுமானால் சுவர்ப்பரப்பில் 40 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள், எஸ்.எச்.ஜி.சி. (வெயிலின் வெப்பத்தில் எவ்வளவு பங்கைக் கண்ணாடி உள்ளே விடுகிறது என்ற எண்) 0.27க்கு மேல் போகாத கண்ணாடியைக் கேளுங்கள். சாதாரணத் தெளிகண்ணாடிக்கு அது 0.8க்கு அருகில். அலங்காரத்துக்கு ஒட்டும் அலுமினியப் பலகையையும் தவிருங்கள். நிலக்கரி மின்சாரத்தில் எடுக்கும் அலுமினியத்துக்கு டன்னுக்குப் பத்து டன்னுக்கு மேல் ஆகிறது.

ஏ.ஏ.சி. சுவரில் கொத்தனார்கள் பழக்கத்தால் கனமான சாந்து வைக்கிறார்கள். மெல்லிய பசைக்கலவையால் ஒட்ட வேண்டும்; சிமென்ட் அதிகமான பூச்சு பூசினால் வெடிப்பு விடும். பிறகு பழி கல்லின் மேல் விழும்.

மொட்டை மாடியில் வரிசை முக்கியம்: தளம், நீர்க்காப்பு, வெப்பத் தடுப்புப் பலகை, வாட்டத்துடன் மேல்பூச்சு, வெள்ளை ஓடு. தடுப்பைத் தளத்துக்கு அடியில், பொய்க்கூரைக்கு மேல் வைத்தால் கான்கிரீட் நாள் முழுக்கச் சூட்டைக் குடித்து மாலையில் கீழே இறக்கும். பாதி ஓடு பதித்த ஒரு மாடியில் பிற்பகல் 2 மணிக்குக் கைவைத்துப் பார்த்தேன். வெறும் தளத்தில் மூன்று நொடி தாங்கவில்லை. வெள்ளை ஓட்டில் உள்ளங்கையை ஊன்றியபடியே வீட்டுக்காரரிடம் பேசி முடித்தேன்.

7. ஏ.சி.: கணக்குப் போட்டபின் வாங்குங்கள்

ஆறாம் படி முடியும்வரை ஏ.சி. விற்பனையாளரைக் கூப்பிடாதீர்கள். அவர் "120 சதுர அடிக்கு ஒரு டன்" என்று மனக்கணக்குச் சொல்வார் (இந்த டன் எடையல்ல, ஏ.சி.யின் குளிர்விக்கும் திறன்). அது நிழலில்லாத, ஓடில்லாத கட்டடத்தின் கணக்கு. புதிய சுவர், கண்ணாடி, கூரை எல்லாம் சேர்த்து வெப்பச் சுமைக் கணக்கை எழுத்தில் வாங்குங்கள். மிதமிஞ்சிய இயந்திரம் விலையிலும் வாயுவிலும் மின்மாற்றியிலும் கூடுதலாகத் தின்னும்; அறையைச் சட்டென்று குளிர்வித்து நின்றுவிடுவதால் ஈரப்பதமும் போகாது.

குளிரூட்டும் வாயுவைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆர்-410ஏ ஒரு கிலோ கசிந்தால் 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், ஆர்-32க்கு 675. பெரிய அமைப்பில் 10 கிலோ ஆர்-410ஏ போனால் ஏறக்குறைய 21 டன், அதாவது 30,000 யூனிட் மின்சாரம் எரித்த கணக்கு. செப்புக்குழாய் இணைப்புகளைப் பொய்க்கூரை மூடுவதற்கு முன் நைட்ரஜனால் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஆர்-32 மெதுவாகத் தீப்பற்றக்கூடியது. பயிற்சி பெற்றவர் மட்டுமே தொட வேண்டும்.

ஏ.சி. அறையிலும் மின்விசிறி மாட்டுங்கள். வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டினால் ஏ.சி. மின்சாரம் சுமார் 6 சதவீதம் குறையும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறி இருந்தால் 26 டிகிரியில் யாரும் குறை சொல்வதில்லை.

8. சோலார்

இப்போது மாடிக்கு வரலாம். கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி, நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட். முதல் ஏழு படிகள் முடிந்த கட்டடத்தில் இந்தத் தகடு தேவையில் கணிசமான பங்கைத் தாங்கும். முடியாத கட்டடத்தில் சமுத்திரத்தில் கரைத்த பெருங்காயம்தான்.

தகடு தாங்கும் மேடைகளைத் தளம் போடும்போதே ஊற்றிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து வந்து ஆணி துளைத்தால் நீர்க்காப்பு ஓட்டையாகும். ஐப்பசி மழையில் தெரியும். தண்ணீர்த்தொட்டி, லிஃப்ட் அறை ஆகியவற்றின் நிழல் விழாத இடத்தை வரைபடத்திலேயே ஒதுக்குங்கள். வணிக இணைப்புக்கு மீட்டர் முறையும் கட்டணமும் வீட்டு இணைப்பிலிருந்து வேறுபடும். மின்வாரிய அலுவலகத்தில் கேட்டபின் அளவை முடிவு செய்யுங்கள்.

9. டெண்டரில் எழுதாதது சைட்டில் நடக்காது

சிமென்ட் வகை, குறைந்தபட்சச் சாம்பல் சதவீதம், அதிகபட்சச் சிமென்ட் அளவு, நீராற்றும் நாள்கள், முட்டுக்கழற்றும் நாள்கள், கம்பிச் சான்று, கண்ணாடியின் எஸ்.எச்.ஜி.சி., குளிரூட்டும் வாயு ஆகியவற்றை அளவுப் பட்டியலின் அந்தந்த வரியிலேயே எழுதுங்கள். தனி இணைப்பாகக் கொடுத்தால் யாரும் புரட்டுவதில்லை. "அல்லது அதற்கு இணையானது" என்ற சொற்றொடரை அடித்துவிட்டு, "பொறியாளரின் எழுத்து ஒப்புதலுடன்" என்று போடுங்கள்.

10. திறந்த பிறகு ஓராண்டு

ஏ.சி., விளக்கு, லிஃப்ட், பம்பு ஒவ்வொன்றுக்கும் தனித் துணை மீட்டர் வேண்டும். இதற்கான இடத்தை மின்பலகையில் ஏழாம் படியிலேயே விட்டிருக்க வேண்டும். வாயு நிரப்பிய ஒவ்வொரு முறையும் தேதியும் கிலோவும் ஒரு நோட்டில் ஏற வேண்டும். ஒரே இயந்திரத்துக்கு இரண்டாம் முறை நிரப்பினால் அங்கே கசிவு இருக்கிறது.

மாதம் ஒருமுறை இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் மீட்டரைப் படியுங்கள். பூட்டிய கட்டடம் ஒன்றில் அந்த எட்டு மணி நேரத்தில் 90 யூனிட் ஓடியிருந்தது. காவலாளியோடு தளம் தளமாக ஏறினோம். மூன்றாம் மாடியின் காலிக் கூட்ட அறையில் ஏ.சி. 18 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது. ரிமோட்டை யாரோ இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.